பள்ளிக்கூடத்துப் பலகார விற்பனை: கணக்குக்கு வெளியே கொஞ்சம்



போன சனிக்கிழமை தமிழ்ப்பள்ளியில நடந்த பலகார விற்பனையோட வரவு செலவுக் கணக்கைக் கோயில் அறிவிப்புப் பலகையில ஒட்டியாச்சு. பார்க்காதவங்க வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது பார்த்துக்குங்க. ஆனா கணக்கைப் பார்த்தவங்களே திரும்ப வந்து கேட்டது வேற. "கோயில் தொண்டர்களுக்குக் கேக் விக்கிற வேலை எதுக்கு? உண்டியல் மாதிரி ஒரு டின் வச்சா முடிஞ்சுதே!" அப்படின்னு ஒரு ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. அன்னைக்குப் பிரசாதம் கொடுக்கிற அவசரத்துல சரியா பதில் சொல்ல முடியல. அதனால இங்க எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

முதல்ல வேன் கதையைச் சொல்லணும்.

நம்ம பந்திங் சுத்து வட்டாரத்துல பெரியவங்களுக்கு இது தெரியும், சின்னவங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்துல தமிழ்ப்பள்ளிக்குப் போக வேன் தேவைப்படல. கூட்டரசு மலாய் மாநிலங்கள்ல 1923-ல வந்த தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைங்க இருக்கிற தோட்டம் ஒரு பள்ளிக்கூடம் வைக்கணும்னு சொல்லிச்சு. சிலாங்கூரும் அதுல ஒண்ணு. கொட்டகையோ பலகை வீடோ, ஏதோ ஒண்ணு லயத்துப் பக்கத்துலயே இருக்கும். மணி அடிச்சா ஓடிப் போய்ச் சேர்ந்திடலாம். கோயிலும் அதே மாதிரிதான். லயம், ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில் எல்லாம் கூப்பிடு தூரம்.

அப்புறம் தோட்டத் துண்டாடல் வந்துச்சு. வெள்ளைக்கார முதலாளிங்க ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டா வித்துட்டுப் போனப்போ, துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சு, தொழிலாளிங்ககிட்ட பத்துப் பத்து வெள்ளியா சேர்த்துத் தோட்டம் வாங்கினார். கெடா மாநிலத்து புக்கிட் சீடிம் தோட்டம்தான் முதல்ல வாங்கினது. அது ஒரு பக்கம் நடந்தாலும் இன்னொரு பக்கம் தோட்டங்கள் போய்க்கிட்டே இருந்துச்சு. ரப்பர் செம்பனையாச்சு, செம்பனை தாமானாச்சு. ஜனங்க லயத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனாங்க. பள்ளிக்கூடம் மட்டும் சில இடத்துல அங்கேயே நின்னுச்சு, சில இடத்துல வேற பக்கம் மாறிப் போச்சு. எப்படிப் பார்த்தாலும் பிள்ளை ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம். நடுவுல லோரி ஓடுற பெரிய சடக்கு.

அந்த இடைவெளிக்குத்தான் மாசம் 80 வெள்ளி.

அரசாங்கம் ஆண்டு ஆரம்பத்துல பள்ளிப் பிள்ளைங்களுக்கு 150 வெள்ளி உதவி கொடுக்குது. நல்ல விஷயம். சட்டை, சப்பாத்து, பைக்கே அது சரியாப் போயிடும். பள்ளியில வசதி குறைஞ்ச பிள்ளைங்களுக்குச் சத்துணவும் உண்டு. ஆனா அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடணும்னா முதல்ல பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரணும் இல்லையா? நம்ம கோயிலுக்கு வர்ற ஆசிரியை ஒருத்தங்க ரெண்டு மாசத்துக்கு முந்தி இதைத்தான் சொன்னாங்க. சில பிள்ளைங்க வாரத்துல மூணு நாள்தான் வராங்க. காய்ச்சல் இல்ல, சோம்பலும் இல்ல. வேன் காசு பாக்கி. வேன்காரர் கெட்டவர்னு யாரும் நினைச்சுடாதீங்க. அவருக்கும் பெட்ரோல், டயர், வண்டித் தவணை எல்லாம் இருக்கு. ரெண்டு மாசம் பொறுத்துத்தான் பார்த்திருக்கார். அதுக்கப்புறம் அம்மாக்காரங்களுக்கே வெக்கமாகி, "வயித்து வலி"ன்னு சொல்லிப் பிள்ளையை வீட்டுலயே நிறுத்திடுறாங்க.

தலைமையாசிரியை எட்டுப் பிள்ளைங்கன்னு சொன்னாங்க. பேர் சொல்லல. நாங்க கேட்கவும் இல்ல. எட்டு எண்பது 640. பள்ளி ஆண்டு முடிய அஞ்சு மாசம். ஆக 3,200 வெள்ளி. பள்ளிக்கூடமே வேன்காரங்ககிட்ட மாசா மாசம் நேரடியா கட்டிடும். எங்களுக்குத் தெரிய வேண்டியது அந்த எண்ணிக்கை மட்டும்தான்.

இப்ப அந்த ஐயாவோட கேள்விக்கு வர்றோம். டின் ஏன் வைக்கல? ரெண்டு வெள்ளி கேக்கை வாங்குறவர் அந்த ரெண்டு வெள்ளியை அப்படியே டின்ல போட்டுடலாமே?

ஒரு காரணம் கணக்கு சம்பந்தப்பட்டது. வீட்டுல ஒரு அக்கா 25 வெள்ளிக்கு மாவு, எண்ணெய், ஓமம், வெண்ணெய் வாங்கி முறுக்கு சுட்டாங்கன்னா அது 40 பொட்டலம் ஆகும். பொட்டலம் மூணு வெள்ளின்னா 120. அந்த அக்காவால 120 வெள்ளி உண்டியல்ல போட முடியாது. 25 வெள்ளியும் ஒரு நாள் உழைப்பும் கொடுக்க முடியும். டின் காசை மட்டும்தான் வாங்கும், கை வேலையை வாங்காது.

இன்னொரு காரணம் எங்களுக்கே பாதியிலதான் புரிஞ்சுது. யார் யார் என்ன செய்யுறாங்கன்னு பள்ளியில பேர் எழுதினப்போ, தலைமையாசிரியை எங்களைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க: "அந்த எட்டு வீட்டுல சில பேரும் பேர் கொடுத்திருக்காங்க. தெரிஞ்சுக்கிட்டே கொடுத்திருக்காங்க." மொத்தம் 31 வீட்டுல இருந்து பலகாரம் வந்துச்சு. நெய் உருண்டை வந்துச்சு, ஓமப்பொடி வந்துச்சு, அச்சு முறுக்கு, கேசரி, மரவள்ளி கேக், வாழைப்பழ கேக், பாண்டான் கேக், கறிபாப்பு எல்லாம் வந்துச்சு. இதுல எது வேன் காசு வாங்கப் போற வீட்டுலேருந்து வந்ததுன்னு எங்களுக்குத் தெரியாது. எல்லாத்தையும் சாப்பிட்டுப் பார்த்தோம், அப்பவும் தெரியல. டின் வச்சிருந்தா அந்த வீடுங்க வாங்குற பக்கம் மட்டும்தான் நின்னிருக்கும்.

கேண்டீன் தினம்னா நம்ம எல்லாருக்கும் கூப்பன் புத்தகம்தான் ஞாபகம் வரும். இந்த நாட்டுல படிச்ச யாருக்குத்தான் தெரியாது? ஆளுக்கு ஒரு புத்தகம், பத்து வெள்ளியோ இருபது வெள்ளியோ. விக்கணும், இல்லன்னா அம்மா அப்பா கட்டணும். வீட்டுல மூணு பிள்ளை படிச்சா மூணு புத்தகம். நல்ல காரியத்துக்குத்தான் அப்படிச் செய்யுறாங்க, குறை சொல்லல. ஆனா வேன் காசு கட்ட முடியாத வீட்டுக்கு உதவப் போறோம்னு சொல்லிட்டு, அதே வீட்டுக்கு மூணு கூப்பன் புத்தகம் அனுப்பினா அது எந்த ஊர் நியாயம்? அதனால பிள்ளைங்க கையில விக்கிற புத்தகமே கொடுக்கக் கூடாதுன்னு முதல் கூட்டத்துலயே பேசி முடிச்சோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க. கூப்பன் வாசல்ல பெரியவங்களுக்கு மட்டும் விற்பனை.

அப்ப பிள்ளைங்க? காசு கொண்டு வர்ற பிள்ளை வாங்கித் திங்கும், கொண்டு வராத பிள்ளை ஓரமா நிக்கும். சின்ன வயசுல அப்படி ஓரமா நின்னவங்க எங்க குழுவுலயே நாலு பேர் இருக்காங்க. தண்ணிக் குழாய்ப் பக்கம் போய், தண்ணி குடிக்கிற மாதிரி நின்னுக்கிட்டே இருப்போம்னு ஒரு அண்ணன் சொன்னார். எத்தனை தண்ணிதான் குடிக்கிறது!

இதுக்கு வழி கோயிலுக்குள்ளயே இருந்துச்சு. அன்னதானத்துல பந்தி போடும்போது யாராவது சம்பளச் சீட்டு கேட்கிறோமா? பென்ஸ்ல வந்தவரும் நடந்து வந்தவரும் ஒரே வரிசையில உட்கார்றாங்க. வடலூர்ல வள்ளலார் 1867-ல ஆரம்பிச்ச தருமசாலையில மூட்டின அடுப்பு இன்னைக்கும் அணையாம எரியுது, அங்கயும் வந்தவங்களை யாருன்னு கேட்டுச் சோறு போடுறதில்ல. அதே மாதிரி 180 பிள்ளைங்களுக்கும் ஆளுக்கு மூணு கூப்பன், எல்லாம் ஒரே மஞ்சள் நிறம், வகுப்புல ஆசிரியரே கொடுத்துடுவார்னு வச்சோம். மூணு கூப்பனுக்கு ஒரு கேக் துண்டு, ஒரு சுண்டல், ஒரு கிண்ணம் கேசரி வாங்கலாம். அதுக்கு மேல வேணும்னா அம்மா அப்பா வாசல்ல வாங்கிக் கொடுத்துக்கட்டும்.

அந்த 540 வெள்ளியை ஒரு குடும்பம் உபயமா ஏத்துக்கிட்டாங்க. பேர் போட வேண்டாம்னு சொன்னாங்க. (நம்ம ஊர்ல டியூப் லைட் உபயம் பண்ணா, வெளிச்சம் வெளிய வராத அளவுக்குப் பேரை எழுதுற ஆளுங்களும் உண்டு. இவங்க அந்த ரகம் இல்ல.)

சமையல் கதைக்கு வர்றோம். பெண்கள் அணியில இருந்து நிறைய பேர் செய்முறை கேட்டிருந்தீங்க.

முதல் பிரச்சினை முட்டை. கோயில் பேர்ல வைக்கிற கடையில முட்டை கேக் வேண்டாம்னு ஒரு பக்கம். முட்டை இல்லாம கேக் செங்கல் மாதிரி இருக்கும், யார் வாங்குவாங்கன்னு இன்னொரு பக்கம். விஷயம் தெரிஞ்ச ஒரு அக்கா விளக்கினாங்க. முட்டை கேக்ல மூணு வேலை செய்யுது: மாவைச் சேர்த்துப் பிடிக்குது, ஈரம் கொடுக்குது, உப்ப வைக்குது. வாழைப்பழமோ டின் பாலோ போட்டா முதல் ரெண்டு வேலையும் நடந்துடும். உப்புறதுக்குத் தயிரும் ஆப்ப சோடாவும். தயிரோட புளிப்பு சோடாவுல பட்டதும் காற்றுக் குமிழி வர ஆரம்பிச்சிடும். அதனால கலக்கின உடனே ஓவனுக்குள்ள போயிடணும். கலக்கி வச்சுட்டு வாட்ஸ்அப் பார்த்துக்கிட்டு இருந்தா குமிழி எல்லாம் போயி, அப்புறம் நிஜமாவே செங்கல்தான். மூணு வீட்டு ஓவனை ஒரே மண்டபத்துக்குக் கொண்டு வந்து மூணையும் ஒண்ணா போட்டப்போ மின்சாரம் பட்டுனு போயிடுச்சு. அப்புறம் ஒண்ணை அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம், கலக்கின மாவோட சேர்த்து.

கோயில் மடப்பள்ளியைத் தொடல. அது நைவேத்தியத்துக்கு. விக்கிற பலகாரம் எல்லாம் மண்டபத்துச் சமையல்கட்டுலயும் வீடுகள்லயும்தான் செஞ்சோம்.

அடுத்து, பள்ளியில மலாய் ஆசிரியர்களும் காவலாளி அண்ணனும் இருக்காங்க. அவங்க தயங்காம வாங்கிச் சாப்பிடணும். அதனால பொருள் எல்லாம் ஹலால் முத்திரை பார்த்து வாங்கினோம், ஜெலட்டின் பக்கமே போகல. வெண்ணிலா எசன்ஸ் சிலதுல ஆல்கஹால் இருக்கும்கிறதால அதுவும் வேண்டாம்னு, வீட்டுக்குப் பின்னால வளர்ற பாண்டான் இலையையே அரைச்சு ஊத்தினோம். வாசனைக்கு வாசனை, நிறத்துக்கு நிறம், காசும் மிச்சம். கடலை, பருப்பு போட்ட பலகாரத்துல எல்லாம் சீட்டு ஒட்டினோம், சில பிள்ளைங்களுக்கு ஒத்துக்காது.

மரவள்ளி கேக் பத்தி ஒண்ணு சொல்லணும். அதைச் செஞ்ச பாட்டிக்கு 80 வயசுக்கு மேல. அவங்க அம்மா கடைசி வரைக்கும் மரவள்ளியைத் தொடலையாம். 1942-லிருந்து 45 வரைக்கும் ஜப்பான்காரன் காலத்துல அரிசி கிடைக்காம மரவள்ளியைத் தின்னே உயிர் பிழைச்சவங்க. "எங்க அம்மா மூஞ்சியத் திருப்பிக்கும். நான் சீனியும் தேங்காப்பாலும் போட்டுக் கேக்காக்கிட்டேன்"னு சொல்லிச் சிரிச்சாங்க. அன்னைக்கு முதல்ல தீர்ந்த கேக் அதுதான்.

சீனி விஷயத்துலயும் எங்களுக்குள்ள பேச்சு நடந்துச்சு. 2019 தேசிய சுகாதார ஆய்வுல இந்த நாட்டுப் பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். நம்ம இந்தியர்கள்ல மட்டும் 31.4 விழுக்காடு. மூணுல ஒருத்தர்னு வச்சுக்கலாம். தான தருமம்னு சொல்லிட்டு அதை இன்னும் ஏத்தி விடவா? அதனால கேக் துண்டைச் சின்னதாக்கினோம். மிட்டாயும் கலர் தண்ணியும் வைக்கல, பள்ளிச் சிற்றுண்டிச்சாலை விதியும் அதைத்தான் சொல்லுது. நடுவுல சுண்டல் கடை. கச்சாங் பூத்தே விக்கிறவங்க மாதிரி காகிதத்தைச் சுருட்டி அதுல போட்டுக் கொடுத்தோம். யார் வாங்கப் போறாங்கன்னு சந்தேகப்பட்டவங்க உண்டு. பத்து மணிக்கெல்லாம் அண்டா காலி. மறுபடி கடலை ஊற வைக்கவா முடியும்?

இனி சொல்லப் போறது கொஞ்சம் சங்கடமான விஷயம். ஆனா கணக்கு பார்த்தவங்க சில பேர் கேட்டீங்க, "ஒரு பெரிய நன்கொடை வர்றதா இருந்துச்சே, எங்க?"ன்னு. அதனால சொல்லிடுறோம்.

ஒரு பெரியவர், நல்ல மனசுக்காரர், கோயிலுக்கும் முன்னால செஞ்சிருக்கார். 2,000 வெள்ளி தர்றதா சொன்னார். ஒரே ஒரு விருப்பம். அந்த எட்டுப் பிள்ளைங்களையும் மேடைக்குக் கூப்பிட்டு, பெரிய அட்டைக் காசோலை ஒண்ணு வச்சு, போட்டோ எடுக்கணும். அதுல தப்பு இல்லன்னு அவர் நினைச்சார். நாலு பேர் பார்த்தா நாப்பது பேர் கொடுப்பாங்கன்னு சொன்னார். அதுலயும் உண்மை இருக்கு.

அன்னைக்கு ராத்திரி கோயில் மண்டபத்துல ரெண்டு மணி நேரம் பேசினோம். பொருளாளர் அண்ணன் காகிதத்துல எழுதிக் காட்டினார், 2,000 வந்தா மூணு மாசம் முழுசா முடிஞ்சிடும். விற்பனையில எவ்வளவு வரும்னு அப்ப யாருக்கும் தெரியாது. மழை பெஞ்சா 500 கூட வராது. "பிள்ளை பள்ளிக்கூடம் போறது முக்கியமா, போட்டோ முக்கியமா"ன்னு கேட்டவங்களுக்கு எங்களால சட்டுனு பதில் சொல்ல முடியல.

அதுவரைக்கும் பேசாம காய் நறுக்கிக்கிட்டு இருந்த ஒரு அக்கா பேசினாங்க. தோட்டத்துல படிச்சப்போ இலவசச் சீருடை கொடுத்தாங்களாம், மேடையில நிக்க வச்சுப் போட்டோ. "சட்டை ரெண்டு அளவு பெருசு. அது பரவால்ல, அம்மா பிடிச்சுத் தச்சுக் கொடுத்துச்சு. ஆனா ஆறாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடத்துல எனக்கு 'போட்டோ சட்டை'ன்னுதான் பேரு" அப்படின்னாங்க. அப்புறம் மறுபடி காய் நறுக்கப் போயிட்டாங்க.

மறுநாள் ரெண்டு பேர் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய்ப் பக்குவமாச் சொன்னோம். டீ கொடுத்தார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "அப்ப வேற யார்கிட்டயாவது பாருங்க"ன்னு சொன்னார். கோபமாச் சொல்லல. விற்பனைக்கு அவர் வரல. அவர் வீட்டு அம்மா வந்து ரெண்டு மரவள்ளி கேக் வாங்கிக்கிட்டுப் போனாங்க.

அந்த 2,000 இல்லாம ராத்திரி தூக்கம் வரலைன்னா நம்புவீங்களா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேற நல்ல மழை. சுட்டு வச்ச பிஸ்கோத்து எல்லாம் நம்ம ஊர் ஈரக் காத்துல நமுத்துப் போயிடும்னு டின் டின்னா அடைச்சு, மூடிச் சந்துல டேப் ஒட்டி வச்சோம். சனிக்கிழமை காலையில வெயில் அடிச்சுது. அம்மன் புண்ணியம்.

ஏழரைக்கே ஜனங்க வந்துட்டாங்க. பசியாறாம வந்தவங்கதான் நிறைய. கிள்ளான்ல இருந்து, தெலுக் பங்ளிமா காராங்ல இருந்து, மோரிப் பக்கத்துல இருந்தெல்லாம் பழைய மாணவர்கள் வந்தாங்க. ஒரு வேன்காரர் வந்து, கூட்டமா நின்ன பிள்ளைங்களுக்கு எல்லாம் கறிபாப்பு வாங்கிக் கொடுத்துட்டுப் போனார். விற்பனை எதுக்காகன்னு அவருக்குத் தெரியும். ரெண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் மூணு கூப்பனையும் கையில மடக்கி வச்சுக்கிட்டு ஒவ்வொரு கடையா சுத்திச் சுத்தி வந்தான், ஒண்ணும் வாங்கல. என்னப்பான்னு கேட்டோம். "எல்லாம் பார்த்துட்டுத்தான் வாங்குவேன்"னான். முதலாளி மாதிரி. பதினொரு மணிக்குத்தான் வாங்கினான், அதுக்குள்ள சுண்டல் இல்ல. கேக்கே மூணு துண்டு வாங்கிக்கிட்டான்.

மொத்தம் 2,730 வெள்ளி. பிள்ளைங்க கூப்பன் உபயமும் இதுலதான் அடக்கம். காகிதத் தட்டு, பை செலவை ஒரு கடை தவுக்கே ஏத்துக்கிட்டார். நாலு மாச வேன் காசு 2,560 அன்னைக்கே பள்ளிக்குக் கொடுத்து ரசீது வாங்கியாச்சு, ரசீதும் பலகையில இருக்கு. மீதி 170 கையில. அஞ்சாவது மாசத்துக்கு இன்னும் 470 வேணும். பிள்ளைங்களுக்குப் பரீட்சை வர்றதால பள்ளியில இன்னொரு விற்பனை வைக்கப் போறதில்ல. வர்ற நாலு வெள்ளிக்கிழமையும் பூஜை முடிஞ்சு மண்டபத்துல சுண்டலும் நெய் உருண்டையும் விக்கலாம்னு இருக்கோம். கடலை ஊற வைக்க, உருண்டை பிடிக்க ஆள் வேணும். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தா போதும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். விற்பனைக்குக் கொண்டு வந்த டின், சில்வர் டப்பா, கேக் தட்டு எல்லாம் மண்டபத்துல கழுவி அடுக்கி வச்சிருக்கோம். நாப்பதுக்கு மேல இருக்கு. ரெண்டுல மட்டும்தான் பேர் எழுதியிருக்கு, ஒரு பெரிய சில்வர் அண்டாவுக்கு ரெண்டு வீட்டுக்காரங்க உரிமை கேட்குறாங்க. அடையாளம் சொல்லி எடுத்துக்கிட்டுப் போயிடுங்க, வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு அந்த மேசை வேணும்.